பெரியாழ்வார் வாழ்வும் மொழியின் பயனும்

மொழியின் அமைப்பை ஆராய்ந்த இலக்கண மரபு தமிழில் தொன்மையானது. மொழி எதன்பொருட்டு மனிதனுக்கு வாய்த்தது என்னும் வினாவோ இலக்கணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவ்வினாவுக்குப் பக்தி இலக்கியம் தன்போக்கில் விடை கண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய பெரியாழ்வாரின் வரலாற்றை அந்நோக்கில் அணுகுவது இக்கட்டுரை.

அவருடைய பெயர் விட்டுசித்தர். ஆனித் திங்கள் சுவாதி நாளில் பிறந்து, வடபத்திரசாயி கோயிலுக்கு நந்தவனம் அமைத்து, மாலை தொடுத்துச் சாத்துவதையே தொண்டாகக் கொண்டவர் என்பது மரபு. அவருடைய பாசுரங்களில் பாண்டியன் நெடுமாறனும் திருக்கோட்டியூர்ச் செல்வனும் இடம்பெறுகின்றனர். இவ்வகச்சான்றுகளைக் கொண்டு அறிஞர் பலர் அவர் காலத்தை 8, 9ஆம் நூற்றாண்டுகளில் வைப்பர்.

மதுரையில் பாண்டியன் பரம்பொருள் யாது என வினவி, விடை நிறுவுவார்க்குப் பொற்கிழி அறிவித்தான். நூற்பயிற்சி மிகாத தோட்டத் தொண்டர் இறைவன் ஏவலால் அவை புகுந்தார்; வாதில் வென்றார்; கிழி தானே தாழ்ந்தது. அரசன் அவரை யானைமீது ஏற்றி ஊர்வலம் செய்வித்தான். அக்காட்சியைக் காண இறைவனே வானில் தோன்ற, அவனுக்குக் கண்ணேறு படுமோ என அஞ்சிய அடியவர் பல்லாண்டு பாடினார். இவ்வாறு குருபரம்பரை நூல்கள் கூறும்.

இந்நிகழ்ச்சியின் வரலாற்றுண்மையை நிறுவுதல் அரிது. ஆயினும் இங்கு ஒன்று கருதத்தக்கது. வாதில் வென்றவராகப் போற்றப்படும் அவர், அவ்வாதத்தின் ஒரு கூற்றையேனும் தம் நூலில் பதியவில்லை. எஞ்சியவை திருப்பல்லாண்டின் 12 பாசுரங்களும் திருமொழியின் 461 பாசுரங்களுமே. வெல்லும் சொல் அவையோடு மறைந்தது; காக்கும் சொல் நிலைத்தது. காப்பவனையே காக்க முற்பட்ட இப்பரிவினாலேயே அவர் பெரியாழ்வார் ஆனார் என்பது மணவாள மாமுனிகள் காட்டும் காரணம்.

திருமொழியிலும் இப்போக்கே தொடர்கிறது. கண்ணனுக்குத் தாயாகி அவர் தாலாட்டுகிறார், நிலவை அழைக்கிறார், செங்கீரையும் சப்பாணியும் வேண்டுகிறார். அச்சோ, அப்பூச்சி போன்ற மழலை வழக்குகள் பாசுரங்களின் உயிராகின்றன. இவை ஒரு செய்தியை அறிவிப்பதைவிடக் குழந்தைக்கும் தாய்க்கும் இடையே உறவைத் தோற்றுவிக்கும் சொற்கள். பிள்ளைத்தமிழ் இலக்கிய வகைக்கு இப்பாசுரங்கள் முன்னோடி எனப்படுவது வடிவ ஒப்புமையால் மட்டுமன்று. மழலையரிடம் பேசும் மொழியை இலக்கிய மொழியாக ஏற்றதனாலும் ஆகும்.

மொழியைப் பற்றி அவர் நேரடியாகவும் சிந்தித்துள்ளார். பொருளையும் ஆடையையும் விரும்பிப் பிறர் பெயரை மக்களுக்கு இடும் பெற்றோரை இடித்துரைத்து, திருமால் நாமத்தை இடுமாறு ஒரு பதிகத்தில் அறிவுறுத்துகிறார். பெற்றோர் நாள்தோறும் பிள்ளையை அழைக்கும் சொல்லே வழிபாடாதல் வேண்டும் என்பது கருத்து. மற்றொரு பதிகத்தில், தம் வாக்கின் தூய்மையின்மையை எண்ணிப் பேசத் தயங்குகிறார். எனினும் நா வேறொன்றை அறியாமையால் பேசாதிருக்கவும் இயலவில்லை. இறுதிக் காலத்தில் நினைவு தளரும் என்பதால், சொல்ல வேண்டியதை முன்னரே அரங்கனிடம் சொல்லி வைக்கிறார். மொழியின் குறையையும் அதன் எல்லையையும் உணர்ந்தே அவர் மொழியை நம்பினார்.

அவர் சொல்லாது விட்ட வாதத்தைப் பிற்காலத்தார் நிரப்பினர். விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் (ஆட்சி 1509–1529) தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா, விட்டுசித்தரின் அவை வாதத்தை விரித்துரைக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த இராசபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் வாழ்கின்றனர். அவ்வூரினரான பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா அக்காவியத்தைத் தமிழாக்கினார். வில்லிபுத்தூரில் பிறந்த வரலாறு தெலுங்கு வழியாகச் சுற்றி, பக்கத்து ஊரிலேயே மீண்டும் தமிழாயிற்று.

ஆகவே பெரியாழ்வாரை வாதில் வென்றவராக மட்டும் காண்பது குருபரம்பரையின் ஒரு பகுதியை மட்டும் ஏற்பதாகும். அவருடைய பாசுரங்கள் காட்டும் மொழிக்கொள்கை வேறு. முன்னிற்பவரை வெல்வதற்கன்றி, அவர் நலமுற வாழ வேண்டுவதற்கே மொழி வாய்த்தது என்பதே அது.