இராமானுஜன்: எண்ணும் உதவித்தொகையும்

கணிதமேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் அவர்தம் வறுமைக்கு இரங்குவனவாகவோ மேதைமையை வியப்பனவாகவோ அமைந்துவிடுகின்றன. அவ்வறுமை எத்தனை ரூபாயால் நீங்கிற்று, அந்த ரூபாயை எவர் எவ்வாறு பெற்றுத் தந்தனர் என்னும் கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் வாழ்வின் பாதையை ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவு செய்தது ஓர் உதவித்தொகையே.

1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையொன்றில் கணக்கர். மாத ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். அன்னை கோமளத்தம்மாள் கோயிலில் பாடிச் சிறிது பொருள் ஈட்டினார். நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று கிடைக்கும் என்று ஆசிரியர் கற்பிக்க, சுழியைச் சுழியால் வகுத்தாலும் ஒன்றுதானோ என்று சிறுவன் இராமானுஜன் வினவியதாகக் கூறுவர். இந்த விளையாட்டு மனம் அவரைவிட்டு இறுதிவரை நீங்கவில்லை. கட்டங்களுள் எண்களை நிரப்பி எப்பக்கம் கூட்டினும் ஒரே தொகை வரச்செய்யும் மாயச்சதுரங்கள் அவர் இளமையில் விரும்பி ஆடியவை. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற குறிப்பேட்டின் முதல் அத்தியாயமே மாயச்சதுரங்களைப் பற்றியதுதான்!

1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கார் என்பார் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அதற்கு முன்பே அவர் கைக்கு வந்திருந்தது. பிற பாடங்கள் அவர் கண்ணுக்குப் படவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. ஒரு பருவத்திற்குக் கல்விக்கட்டணம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாத ஊதியத்திற்கும் மேலான தொகை அது. 1905இல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்திற்குப் புறப்பட்டுப் போனார் பதினேழு வயது இளைஞர். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி ஓரளவு உதவித்தொகை வழங்கி அவரை ஏற்றது. அங்கும் உடலியல் பாடம் குறுக்கே நின்றது. 1906, 1907 ஆகிய ஈராண்டுகளிலும் எஃப்.ஏ. தேர்வு கைகூடவில்லை. எல்லாப் பாடங்களுக்கும் சமமாக அஞ்சி நடப்பவனுக்கே உதவி என்னும் விதி அன்று. அவ்விதியில் இன்றும் பெரிய மாற்றம் வந்துவிடவில்லை.

பட்டமின்றி, திருமணமும் முடிந்த நிலையில், குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தவர்க்கு, இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் முதலியோரின் அறிமுகம் வழிகாட்டிற்று. 1910இன் இறுதியில் நெல்லூர் மாவட்ட ஆட்சித்தலைவரும் கணித ஆர்வலருமான இரா. இராமச்சந்திர ராவைக் கண்டார். திங்கள்தோறும் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து அனுப்ப ராவ் இசைந்தார். அத்தொகையை நம்பித் திருவல்லிக்கேணியில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார் இராமானுஜன்.

அப்போது, 1911இல், கணிதக் கழக இதழில் அவர் விடுத்த புதிர் ஒன்று பள்ளி மாணவர்க்கும் விளங்கத்தக்கது. 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9 என்பது ஒன்றோடு இருநான்கைக் கூட்டியது. அந்த 4, 16இன் மூலம். 16 என்பது ஒன்றோடு மூவைந்தைக் கூட்டியது. அந்த 5, 25இன் மூலம்; 25 என்பது ஒன்றோடு நாலாறைக் கூட்டியது. இவ்வாறு மூலத்துள் மூலமாக முடிவின்றிச் செல்லும் கோவையை மட்டும் எழுதி, இதன் மதிப்பு யாது என்று கேட்டார். ஆறு மாதங்கள் கடந்தும் விடை அனுப்புவார் எவரும் இலர். விடை வெறும் 3 என்று அவரே அறிவித்தார்.

பிறர் பொருளில் நெடுநாள் வாழ அவர் மனம் ஒப்பவில்லை. 1912இன் தொடக்கத்தில் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் பணியாற்றினார். மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அங்கு மேலாளர் நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிசு சுப்பிரிங்கும் அவர்க்குத் துணையாயினர். 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதிய மடல் பெயர்பெற்றது. அதற்கு இணையான நிகழ்ச்சி அவ்வாண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், இவ்விளைஞர்க்கு ஆய்வு உதவித்தொகை வழங்குக எனப் பரிந்துரைத்தார். முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே அத்தொகை என்று விதி தடுத்தது. நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர், ஆராய்ச்சியை வளர்த்தலும் பல்கலைக்கழகத்தின் பணி என்று சட்டத்தின் முகவுரையே கூறுவதை எடுத்துக்காட்டி வாதிட்டார். ஏப்பிரல் 7ஆம் நாள் ஆட்சிக்குழு இசைந்தது. மாதம் 75 ரூபாய், ஈராண்டுகளுக்கு. எஃப்.ஏ. தேர்விலேயே தவறியவர் ஆய்வறிஞரானார்! விதியை மீறாமலே விதியின் உயிரைக் கண்டெடுத்த அந்த நீதிபதியின் பெயரைத் தமிழுலகம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

சென்னைக்கு வந்த பேராசிரியர் நெவில், இராமானுஜனைக் கேம்பிரிட்சுக்கு அனுப்புமாறு 1914 சனவரியில் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூசுபரிக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் பயணத்திற்கும் உடைக்கும் 100 பவுனும் ஒதுக்கப்பட்டன. அந்த 250இல் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்திற்கு. மார்ச்சு 17ஆம் நாள் கப்பல் புறப்பட்டது.

கேம்பிரிட்சில் ஒரு நாள் இராமானுஜன் வாணலியில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்கையில், நண்பர் மகலனோபிசு ஒரு மாத இதழில் வந்த புதிரைப் படித்துக்காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு ஒன்று முதல் வரிசையாக இலக்கமிடப்பட்டுள்ளது. ஒரு வீட்டின் இடப்புற இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்புற இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். வீட்டு எண் யாது? எட்டு வீடுகள் மட்டும் உள்ள தெருவாயின் ஆறாம் வீடே விடை. இருபுறமும் 15 வரும். இதழ் கேட்ட தெருவில் வீடுகள் 288, விடை 204. மகலனோபிசு முயன்று இவ்விடை கண்டிருந்தார். இராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, இத்தகைய தெருக்கள் அனைத்திற்கும் பொருந்தும் விடையைத் தொடர்பின்னமாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். புட்னி மருத்துவமனையில் ஆர்டி கூறிய 1729 என்னும் வாடகை வண்டி எண், 1, 12 ஆகியவற்றின் கனங்களின் கூட்டாகவும் 9, 10 ஆகியவற்றின் கனங்களின் கூட்டாகவும் அமையும் மிகச்சிறிய எண் என்று நோயுற்ற நிலையிலும் அவர் உடனே உரைத்ததும் இவ்வினத்ததே.

1918இல் இராயல் கழக உறுப்பினர், டிரினிட்டிக் கல்லூரி ஆய்வுநிலை உறுப்பினர் என்னும் பெருமைகள் வந்தன. சென்னைப் பல்கலைக்கழகமும் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் தர முன்வந்தது. 1919 சனவரி 11ஆம் நாள் டியூசுபரிக்கு அவர் எழுதிய விடை படிப்போரை நெகிழ்விப்பது. தாம் நாடு திரும்பியபின் கிடைக்கும் தொகை தம் தேவைக்கு மிகும் என்றார். இங்கிலாந்தில் தமக்கான செலவு போக, பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, எஞ்சியதைக் கல்விப்பணிக்கு, குறிப்பாக ஏழைச் சிறுவர், பெற்றோரற்றோர் ஆகியோரின் பள்ளிக்கட்டணத்தைக் குறைப்பதற்கும் பள்ளிகளில் நூல்கள் வழங்குவதற்கும் செலவிட வேண்டினார். 32 ரூபாய்க்காகக் கல்லூரியை இழந்தவரின் வேண்டுகோள் அது.

1919 ஏப்பிரலில் சென்னை வந்தார். மயிலாப்பூர் லசு சர்ச்சுச் சாலையில் வெங்கட விலாசம் என்னும் வீட்டில் சில காலம் தங்கினார். பின் கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை. நோய்ப்படுக்கையிலும் தாள்தாளாக எழுதிக் குவித்தார். எஞ்சிய தொகையைப் பங்கிட்டு ஏழைச் சிறுவர்க்கு அளிக்க அவர்க்குக் காலம் வாய்க்கவில்லை. 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் தம் 32ஆம் அகவையில் மறைந்தார்.

மனைவி சானகி அம்மாள் சில ஆண்டுகள் பம்பாயில் உடன்பிறந்தார் இல்லத்திலிருந்து தையல் கற்றுத் திரும்பி, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். பல்கலைக்கழகம் அவர்க்கு முதலில் வழங்கிய ஓய்வூதியம் மாதம் 20 ரூபாய்.