ஆலை மூடலாம், அடுப்பு அணையலாமா?

நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எரிந்து உலகு கொதிக்கிறது. புகையை நிறுத்து என்கிறது அறிவியல். நிறுத்தத்தான் வேண்டும், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அந்தப் புகைபோக்கியின் அடியில் நின்று வேர்வை சிந்தியவன் கதி என்ன? உலகம் கேட்கும் முன்பே இதைக் கேட்ட ஒரு தொழிலாளியின் வாழ்வை இன்று நினைவுகூர்கிறோம். அவர்தான் டோனி மசோக்கி.

1926இல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. பட்டாளத்தில் சேர்ந்தார், இட்லரின் படையை எதிர்த்து ஐரோப்பியக் களத்தில் நின்றார். திரும்பியவர், 1950இல் அழகுப்பொருள் ஆலையொன்றில் தொழிலாளியானார். 1953இல் அந்த ஆலைச் சங்கத்தின் தலைவரானார். 1965இல் எண்ணெய், இரசாயன, அணுத் தொழிலாளர் சங்கத்தின் சட்டத்துறைப் பொறுப்பேற்று வாஷிங்டன் சென்றார்.

ஆலைக்குள் காற்றே நஞ்சு! ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். தொழிலாளர்களையே சாட்சி சொல்ல வைத்தார். 1970இல் அமெரிக்காவில் தொழிலாளர் உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் பிறந்ததில் அவர் பங்கு பெரிது. 1973இல் ஷெல் எண்ணெய் ஆலைத் தொழிலாளர்கள் உடல்நலம் காக்க வேலைநிறுத்தம் செய்தனர். இயற்கையைக் காக்கப் புறப்பட்ட அமைப்புகள் அவர்களுக்குத் துணை நின்றன. வேலையா, நல்ல காற்றா என்று இருவரையும் மோதவிடும் சூழ்ச்சிக்கு அதுவே விடை!

ஆனாலும் ஒரு முள் உறுத்தியது. அணுகுண்டுச் சோதனையை எதிர்த்தவர் அவர். அணு ஆயுத ஆலைகளில் உழைத்தவர்களோ அவர் சங்கத்துத் தோழர்கள். குண்டு ஒழிந்தால் அவர்கள் வீட்டில் உலை கொதிப்பது எப்படி?

ஆலை மூடினால் பட்டினி, ஆகவே புகை தொடரட்டும் என்றது முதலாளி தரப்பு. மூடட்டும், வேலையிழந்தவன் வேறிடம் தேடிக்கொள்ளட்டும் என்றது சந்தைத் தரப்பு. இரண்டையும் மசோக்கி ஏற்கவில்லை. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1944இல் ஒரு சட்டம் வந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசு செலவில் கல்லூரி கண்டனர். போர்வீரனுக்குச் செய்ததை ஆலைவீரனுக்கும் செய் என்றார் அவர். நஞ்சேறிய நிலத்தைத் தூய்மை செய்ய 1980இல் தனி நிதி அமைத்தது அமெரிக்கா. மண்ணுக்கு நிதி உண்டு, மனிதனுக்கு இல்லையா? வேலையிழப்போருக்கு ஊதியமும் படிப்பும் தரும் பொதுநிதி வேண்டும் என்று வாதாடினார்.

வென்றாரா? 1979லும் 1981லும் சங்கத் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1996இல் அவர் முயற்சியில் எழுந்த தொழிலாளர் கட்சி வளரவில்லை. கேட்ட நிதி கிடைக்காமலே 2002 அக்டோபரில் மறைந்தார்.

2015இல் பாரிசு உடன்படிக்கையின் முகவுரையில் தொழிலாளருக்கு நீதியான மாற்றம் என்ற சொல் ஏறியது. சொல் வென்றது, பொருள் வெல்லவில்லை! இன்று அந்தச் சொல்லை எல்லோரும் ஓதுகிறார்கள். முதலாளிக்கு இழப்பீடு தருவதையும் அதில் அடக்குவோர் உண்டு. மின்சாரத்தையே பொதுவுடைமையாக்கு என்போரும் உண்டு. உரைகல் எது? செலவை யார் சுமக்கிறார்? முடிவெடுக்கும் மேசையில் தொழிலாளிக்கு நாற்காலி உண்டா? இந்த இரண்டையும் கேட்போம். விடை வராத இடத்தில் நீதி இல்லை. மாற்றம் மட்டுமே இருக்கிறது.