இரட்டைமலை சீனிவாசன்

திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் (சூலை 7, 1859 - செப்டம்பர் 18, 1945) தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒடுக்கப்பட்டோர் உரிமைத் தலைவர், இதழாசிரியர், சட்டமன்ற உறுப்பினர் ஆவார். பறையன் என்ற இதழை நடத்தியவர். 1923ஆம் ஆண்டில் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு அரசால் நியமிக்கப்பட்டார். பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் அனைத்துச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் அம்மன்றத்தில் நிறைவேறச் செய்தார். இலண்டனில் நடைபெற்ற முதல் இரு வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் கலந்துகொண்டார்.

பெயர்

இரட்டைமலை என்பது இவருடைய தந்தையின் பெயர். இதனை ஓர் ஊரின் பெயராகவோ பட்டமாகவோ சிலர் கருதுவது தவறாகும்.

பிறப்பும் இளமையும்

சீனிவாசன் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பகுதியைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலச் செங்கல்பட்டு மாவட்டம் மிகப் பரந்தது. வேப்பம்பட்டு, திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஆகிய வடபகுதி ஊர்களும் அதனுள் அடங்கியிருந்தன. இம்மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது.

சீனிவாசன் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். உடன் பயின்றவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் பிற மாணவர்களுடன் பழகாமல், பள்ளி மணி அடிக்கும் வரை வெளியிலேயே தனித்திருந்ததாகத் தம் வரலாற்றில் இவர் பதிவு செய்துள்ளார். படிப்பை முடித்தபின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். 1887இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். தமிழறிஞரும் பௌத்தச் சிந்தனையாளருமான அயோத்திதாசர் இவருடைய சகோதரியின் கணவர் ஆவார். சீனிவாசன் 1890இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

பறையன் இதழ்

சீனிவாசன் சென்னைக்கு வந்த காலத்தில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திரமென்கீர். தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அவர் அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்றை அளித்தார். நிலமின்மை, பண்ணையடிமை முறை, குடியிருக்கும் மனைக்கும் உரிமை இல்லாமை ஆகியவற்றை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. இதன் விளைவாக 1892 செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்ட 1010ஆம் எண் அரசாணையே, பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்ட நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படையானது.

இச்சூழலில் சீனிவாசன் பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் பறையன் இதழைத் தொடங்கினார். இழிவாகக் கருதப்பட்ட பெயரை மறைக்காமல் அதையே இதழின் பெயராக வைத்தார். நான்கு பக்கத் திங்களிதழாகத் தோன்றிய இது விரைவில் வார இதழாகி 1900 வரை வெளிவந்தது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரசு கோரியபோது, அதனால் உயர்சாதியினர் மட்டுமே பதவிகளைப் பெறுவர் என்று கூறி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையொப்பத்துடன் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு எதிர் விண்ணப்பம் அனுப்பினார்.

தென்னாப்பிரிக்கா

1900இல் இங்கிலாந்து செல்லும் நோக்கத்துடன் சீனிவாசன் புறப்பட்டார். ஆயினும் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அங்கு காந்தியுடன் பழக்கம் ஏற்பட்டது. 1921ஆம் ஆண்டளவில் தாயகம் திரும்பினார்.

நியமன உறுப்பினர்

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி விரிவாக்கப்பட்ட சென்னை சட்ட மேலவையில், ஆளுநரின் நிருவாகக் குழுவினரைத் தவிர 127 உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 29 பேர் நியமிக்கப்பட்டவர்கள். நியமன இடங்களில் ஐந்து மட்டும் பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர் முதலிய பிரிவினருக்கு உரியவை. பெயரில் மேலவை என்று இருந்தாலும் அன்று மாகாணத்தில் இருந்த ஒரே சட்டமன்றம் இதுவே. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937இல் ஈரவை முறை வந்தபோதே இது உண்மையான மேலவையாயிற்று. அப்போதும் எட்டு முதல் பத்து உறுப்பினர்களை ஆளுநர் நியமித்தார். இம்மேலவை 1986இல் கலைக்கப்பட்டது.

நியமன முறைக்குக் காரணம் வாக்குரிமையின் குறுகிய எல்லையாகும். 1920இல் ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் சுமார் 12 இலட்சம் பேருக்கே வாக்குரிமை இருந்தது. வரியும் சொத்துமே அதற்குத் தகுதி. நிலமற்ற கூலிகளான ஒடுக்கப்பட்டோர் தேர்தலில் வெல்ல வழியில்லை. ஆகவே அவர்களின் குரல் ஆளுநரின் நியமனத்தால் மட்டுமே மன்றத்தை அடைய முடிந்தது. முதல் மன்றத்தில் இவ்வாறு நியமிக்கப்பட்டவர் எம். சி. இராசா. பஞ்சமர், பறையர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்றே அரசு ஆவணங்களில் வழங்கவேண்டும் என்ற அவரது தீர்மானம் 1922இல் ஏற்கப்பட்டது. 1923 தேர்தலுக்குப் பின் அமைந்த மன்றத்தில் சீனிவாசன் நியமிக்கப்பட்டார்.

1924 தீர்மானம்

திருவிதாங்கூரில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டு 1924. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் சீனிவாசன் சென்னை மன்றத்தில் தம் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதன் கூறுகள் இரண்டு:

1. எந்த நகரத்திலும் ஊரிலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எந்த வகுப்பினரும் நடப்பதற்குத் தடையில்லை.
2. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்களைப் போலவே ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம்.

தீர்மானம் நிறைவேறியது. அரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்று, செப்டம்பரில் 2660ஆம் எண் அரசாணையை வெளியிட்டது.

மன்றத் தீர்மானம் என்பது அரசுக்கு அளிக்கும் பரிந்துரையே; சட்டம் அன்று. மீறுவோரைத் தண்டிக்க அத்தீர்மானத்தில் வழியில்லை. ஊர்க்கிணற்றில் நீர் எடுக்கச் சென்றவர் தாக்கப்பட்டால், அரசாணையைக் காட்டி முறையிடலாம் என்ற அளவிலேயே அது பயன்பட்டது. ஆயினும் அதுவரை ஊர் வழக்கம் என்று கூறித் தடுக்கப்பட்டவர்கள், அரசே ஒப்புக்கொண்ட உரிமை தமக்கு உண்டு என்று முதன்முறையாகச் சொல்ல முடிந்தது. வாக்காளர் பலம் இல்லாத நியமன உறுப்பினர் ஒருவரால் இயன்றதும் இயலாததும் இத்தீர்மானத்தில் ஒருங்கே புலப்படுகின்றன.

வட்டமேசை மாநாடும் பூனா ஒப்பந்தமும்

1930-31இல் நடைபெற்ற முதல் வட்டமேசை மாநாட்டுக்கும் 1931இல் நடைபெற்ற இரண்டாம் மாநாட்டுக்கும் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் சீனிவாசனும் அழைக்கப்பட்டனர். இருவரும் இணைந்து அளித்த கோரிக்கை மனுவில், தம் மக்களின் பிரதிநிதிகளை அம்மக்களே தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது முதன்மையானது. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை, முதல் பத்து ஆண்டுகளுக்குத் தனித்தொகுதி ஆகியவற்றையும் அவர்கள் கேட்டனர். ஆளுநரின் தயவால் இடம்பெறும் முறையை, அம்முறையில் மன்றம் புகுந்த சீனிவாசனே வேண்டாம் என்றார். எம். சி. இராசா 1932இல் கூட்டுத்தொகுதி முறையை ஆதரித்து மாறுபட்ட நிலை எடுத்தார்.

பிரித்தானிய அரசு 1932 ஆகத்தில் தனித்தொகுதி வழங்கியது. காந்தி அதை எதிர்த்து உண்ணாநோன்பு இருந்தார். அதனைத் தொடர்ந்து செப்டம்பர் 24 அன்று உருவான பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோரில் சீனிவாசனும் ஒருவர். தனித்தொகுதி கைவிடப்பட்டு, கூட்டுத்தொகுதியில் 148 மாகாண இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 30 சென்னை மாகாணத்துக்கு உரியவை. ஐந்து நியமன இடங்களில் தொடங்கிய பிரதிநிதித்துவம், 1937 தேர்தலில் 215 பேர் கொண்ட கீழவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 இடங்களாக வளர்ந்தது.

மதமாற்றம் குறித்த கருத்து

1935இல் அம்பேத்கர் இந்து மதத்தை விட்டு விலகப்போவதாக அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. ஆதிதிராவிடர் வருணப் பாகுபாட்டுக்குள் அடங்காதவர்கள்; ஆகவே விட்டு வெளியேற ஒன்றுமில்லை என்பது இவரது நிலைப்பாடு.

பட்டங்கள்

- இராவ் சாகிப் (1926)
- இராவ் பகதூர் (1930)
- திவான் பகதூர் (1936)

மறைவும் நினைவும்

சீனிவாசன் தம் வாழ்க்கையை ஜீவிய சரித்திர சுருக்கம் என்னும் சிறு நூலாக 1939இல் வெளியிட்டார். தமிழில் ஒடுக்கப்பட்டோர் எழுதிய தன்வரலாறுகளில் இது முன்னோடியாகும். 1945 செப்டம்பர் 18 அன்று சென்னை பெரியமேட்டில் காலமானார். இவரது உடல் ஓட்டேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இந்திய அஞ்சல் துறை 2000ஆம் ஆண்டில் இவருடைய நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இவருக்கு மணிமண்டபம் அமைக்கப்பட்டுள்ளது.