சரிவில் போட்ட கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் மருத்துவமனையோடு சேர்த்தே நினைக்கப்படுபவர் அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல். 1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணி உற்பத்தி செய்த குடும்பமொன்றில் பிறந்தவர். மருத்துவரை அறிந்த பலர் மலையேறியை அறியார். இடர் என்பதைப் பொருளியல் வகுப்புகளில் நெடுங்காலம் கற்பித்த எனக்கோ, அவர் வாழ்வில் மலையில் கழிந்த இரு நாள்களே முதன்மையாகப் படுகின்றன.

1922 ஜூன் 7. எவரெஸ்டின் வடபுறத்தில் நார்த் கோல் என்னும் கணவாய்க்கு ஏறும் சரிவு. பருவக்காற்று கொட்டிய புதுப்பனி கனத்துக் கிடந்தது. ஜார்ஜ் மாலரி, சோமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூவரும் 14 சுமைதூக்கிகளும் கயிறுகளில் பிணைந்து ஏறினர். அவர்கள் கண்மூடிச் சென்றவர்கள் அல்லர். பனி இறுகட்டும் என்று காத்திருந்தனர். கீழே செங்குத்தான ஓரிடத்தில் மிதித்துச் சோதித்தனர். பனி அசையவில்லை. மேலே நடந்தனர்.

அந்தச் சோதனையில்தான் சிக்கல். காற்று வாரிக் குவித்த பனி பலகைபோல் இறுகிவிடும். அதன் அடியில் பிடிப்பற்ற படலமொன்று மறைந்திருக்கக்கூடும். பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே இவ்வாறு பெயர்கின்றன. காலடியைத் தாங்குமளவு இறுகிய பலகைதான் ஒட்டுமொத்தமாக உடைகிறது. ஓரிடத்துப் பனி, பத்தடி தள்ளியுள்ள பனிக்குச் சாட்சி சொல்லாது. ஒற்றை மாதிரியைக் கொண்டு முழுமைக்கும் முடிவுகட்டிய விடைத்தாளுக்கு நான் மதிப்பெண் குறைத்திருப்பேன். ஆனால், பருவம் முடிந்து கடைசி வாய்ப்பும் நழுவும் வேளையில், சாதகமான ஒரு சான்றே போதுமென மனம் ஒப்பிவிடுகிறது.

பிற்பகலில் வெடிபோன்ற ஓசை எழுந்தது. முன்கயிற்றில் இருந்தோர் சிறிது தூரம் அடித்துச் செல்லப்பட்டு மீண்டனர். பின்னால் வந்தவர்களில் ஒன்பது பேரைப் பனிச்சரிவு செங்குத்தான பனிக்கட்டிச் சுவருக்கு அப்பால் தள்ளியது. இருவர் உயிருடன் மீட்கப்பட்டனர், எழுவர் மாண்டனர். எழுவரும் சுமைதூக்கிகள். போகலாம் என்று முடிவெடுத்த மூவரும் பிழைத்தனர். தங்களில் ஒருவர்கூட ஏன் சாகவில்லை என்ற கேள்வி தம்மை வாட்டியதைச் சோமர்வெல் பின்னாளில் எழுதினார்.

அதே ஆண்டு இந்தியாவைச் சுற்றிவந்தவர், அன்றைய திருவிதாங்கூரின் நெய்யூரில் நோயாளர் கூட்டத்தைச் சமாளிக்க இயலாமல் ஒரே மருத்துவர் திணறுவதைக் கண்டு, லண்டன் வாழ்வைத் துறந்து அங்கு பணிபுரிய முடிவுசெய்தார். அந்த மரணங்களுக்கும் இம்முடிவுக்கும் முடிச்சுப்போட நான் விரும்பவில்லை. முடிச்சு தேடுவோர் 1924 மே மாதத்தைப் பார்க்கலாம்.

நார்த் கோல் முகாமில் நான்கு சுமைதூக்கிகள் சிக்கிக்கொண்டனர். மீண்டும் அதே சரிவு, மீண்டும் புதுப்பனி. சிகரத் திட்டத்தை ஒதுக்கிவைத்து, குழுத் தலைவர் நார்ட்டன், மாலரி, சோமர்வெல் மூவரும் ஏறினர். எந்நேரமும் பெயரக்கூடிய கடைசிச் சரிவில் சோமர்வெல் மட்டும், கடும் இருமலோடு, கயிற்றைக் கட்டிக்கொண்டு குறுக்கே சென்றார். நால்வரை எட்டச் சில கெஜம் இருக்கையில் கயிறு தீர்ந்தது. இருவர் துணிந்து நடந்து அவரிடம் வந்துவிட்டனர். அடுத்த இருவரின் காலடியில் பனி நழுவ, சற்றுக் கீழே சறுக்கி நின்றனர். சோமர்வெல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியை ஆழ ஊன்றி, அதைச் சுற்றிய கயிற்றின் நுனியை ஒரு கையால் பற்றி, மறுகையை நீட்டி ஒவ்வொருவராக இழுத்தெடுத்தார். நால்வரும் அன்றிரவே கீழ்முகாம் சேர்ந்தனர்.