நடுவட்டத்தில் நின்ற நெடிய மனிதர்

வாசகர்களே, கூடைப்பந்தாட்டம் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் தொடங்கும்போது இரு அணிகளிலிருந்தும் உயரமான வீரர் ஒவ்வொருவர் நடுவட்டத்துக்கு வருவர். மத்தியஸ்தர் பந்தை மேலே எறிவார். இருவரும் துள்ளி எழுந்து அதைத் தம் பக்கத்தாருக்குத் தட்டிவிட முயல்வர். இப்போது இது ஆட்டத்தின் ஆரம்பத்தில் மட்டுமே நடைபெறுகிறது. ஆனால் 1937ஆம் ஆண்டுவரை, கூடையில் பந்து விழுந்த ஒவ்வொரு முறையும் இரு நெட்டையரும் நடுவட்டத்துக்குத் திரும்பி வந்து மீண்டும் துள்ளவேண்டும் என்பதே சட்டமாக இருந்தது. அந்நாளில் நல்ல நெட்டையர் ஒருவர் கிடைத்துவிட்டால் அணியின் பாதிப் பலம் கிடைத்தது போலத்தான்.

அத்தகைய நெட்டையர் ஒருவரைப் பற்றியே இவ்வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறோம். அவர் பெயர் ஜோ லப்சிக். உயரம் 6 அடி 5 அங்குலம். இக்கால வீரர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய உயரமன்று. அக்காலத்திலோ அவரைப் பார்ப்பதற்கென்றே சனம் கூடியது.

1900ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, நியூயோர்க் நகரை அடுத்துள்ள யொங்கர்ஸ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பெற்றார் செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய எளிய மக்கள். பையனின் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது. பின்னாளில் ஒரு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருபது ஆண்டுகள் விளங்கப் போகிறவர், மாணவனாக எந்தக் கல்லூரியின் வாசற்படியையும் மிதித்ததில்லை. இளவயதிலேயே தொழிற்சாலை வேலைக்குப் போனார். மாலை வேளைகளில் பந்தாடினார். ஓர் ஆட்டத்துக்கு இத்தனை டொலர் என்று பேரம் பேசிக்கொண்டு, அதிகம் கொடுக்கும் அணிக்கு ஆடுவதே அன்றைய வழக்கம். ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருந்த மண்டபங்களும் இருந்தன. வலையோடு மோதி உடம்பில் இரத்தக் கீறல்களுடன் வீடு திரும்புவார்கள். நாம் இன்று காணும் விளையாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்யாதீர்கள்.

1923இல் அவர் நியூயோர்க்கின் ஒறிஜினல் செல்ரிக்ஸ் அணியில் சேர்ந்தார். (பின்னாளில் புகழ்பெற்ற பொஸ்டன் செல்ரிக்ஸ் வேறு, பெயர் ஒற்றுமையால் மயங்கவேண்டாம்.) நற் ஹோல்மன், டச் டெனர்ட் ஆகிய பெயர்பெற்ற வீரர்கள் அதில் இருந்தனர். ஊர் ஊராகச் சென்று வருடத்துக்கு நூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்கள். அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட லீக்கில் சேர்ந்து 1927இலும் 1928இலும் வாகை சூடினார்கள். இவ்வளவு பலமான அணி இருந்தால் மற்றவர்களுக்கு ஆட்டமே இல்லை என்று சொல்லி அதைக் கலைத்துவிட்டார்கள். லப்சிக் கிளீவ்லண்ட் நகரத்து ரோசன்புளூம்ஸ் அணிக்குப் போனார்; அவ்வணி அடுத்த இரண்டு வருடமும் வென்றது! பிறகு பொருளாதார மந்தம் வந்தது. அவ்வணியும் மூடப்பட, லப்சிக்கும் நண்பர்களும் செல்ரிக்ஸைத் திரும்பக் கூட்டிக்கொண்டு மறுபடியும் ஊர் சுற்றப் புறப்பட்டார்கள்.

இந்த 1930களில் நடந்த ஒன்றைத்தான் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும்.

நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின வீரர்கள் மட்டுமே கொண்ட தொழில்முறை அணி ஒன்று இருந்தது. கறுப்பினத்தவரான பொப் டக்ளஸ் 1923இல் அதை அமைத்தார். ரெனசான்ஸ் என்பது முழுப்பெயர். சனங்கள் ரென்ஸ் என்றே அழைத்தனர். 1932-33 காலத்தில் தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்ற அணி அது. ஆனால் அவர்கள் ஆடச் சென்ற பல ஊர்களில் தங்க ஹோட்டல் அறை கொடுக்கமாட்டார்கள், சாப்பாட்டுக் கடைக்குள் விடமாட்டார்கள். பஸ் வண்டியிலேயே உண்டு, சில வேளை பஸ்ஸிலேயே உறங்கி, அடுத்த ஊருக்குப் போவார்கள். வெள்ளையரின் லீக்கில் அவர்களுக்கு இடம் கிடையாது. ஆயினும் செல்ரிக்ஸ் அணியும் ரென்ஸ் அணியும் அடிக்கடி மோதின. பெருங்கூட்டம் கூடும் ஆட்டங்கள் அவை.

ரென்ஸ் அணியின் நெட்டையர் சார்ள்ஸ் கூப்பர். டார்சன் என்பது பட்டப்பெயர். ஆட்டத்துக்கு முன் நடுவட்டத்தில் லப்சிக்கும் கூப்பரும் எதிரெதிரே வந்து நிற்பார்கள். கைகுலுக்கிவிட்டுத் துள்ளுவதே வழக்கம். லப்சிக்கோ கைகுலுக்குவதோடு நிற்கவில்லை. கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கறுப்பு மனிதரை மார்போடு அணைத்துக்கொள்வார்.

இதில் என்ன பெரிய காரியம் என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரே குழாயில் தண்ணீர் குடிக்க, ஒரே வாங்கில் அமர இரு நிறத்தாருக்கும் தடை இருந்த மாநிலங்கள் பல உள்ள நாட்டில் இது நடந்தது. சில இடங்களில் கூட்டம் கொதித்தெழுந்தது. லப்சிக் மேடையேறி எதுவும் பேசவில்லை, பத்திரிகைக்கும் எழுதவில்லை. தான் எதிர்த்து ஆடிய நெட்டையர்களுள் கூப்பரே தலைசிறந்தவர் என்பது அவருடைய உறுதியான கருத்து. தன்னிலும் சிறந்தவர் என்று தான் மதிக்கும் ஒருவருக்கு மரியாதை செய்ய, பார்ப்போரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

1936இல் ஆட்ட வாழ்வு முடிந்தது. புறூக்ளின் ஆயரின் வேண்டுகோளின்படி 1870இல் தொடங்கப்பட்ட சென். ஜோன்ஸ் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சியாளராக அழைத்தது. அதை நடத்துவோர் வின்சென்சியன் குருக்கள். நம் பங்குகளில் ஏழை வீடுகளைச் சந்திக்கும் வின்சென்ட் டி போல் சபை பொதுநிலையினருடையது. இவர்களோ அப்புனிதரே நிறுவிய குருக்கள் சபையைச் சேர்ந்தவர்கள். படிக்காத மனிதர் படித்த பிள்ளைகளின் முன் நின்றார். உள்ளூர நடுக்கந்தான். ஆட்டம் இறுகும்போது மேற்சட்டையைக் கழற்றி எறிவார். இரவெல்லாம் தூக்கமின்றித் தவிப்பார். பயிற்சியாளர் என்றால் கல்லுப்போல இருப்பவர் என்று எண்ணுகிறோம்; இவர் அப்படியல்லர்.

ஆனால் வெற்றி வந்தது. அக்காலத்தில் கல்லூரிகளுக்கிடையே பெரும் மதிப்புப் பெற்றிருந்த தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டியை 1943இல் வென்றார், 1944இலும் வென்றார். இரண்டாவது முறை இறுதியாட்டத்தில் எதிர்நின்றது சிக்காகோவின் டி போல் பல்கலைக்கழகம். அதுவும் வின்சென்சியன் குருக்களுடையதே! அவ்வணியின் நெட்டையர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜோர்ஜ் மைக்கன்.

1947இல் நியூயோர்க் நிக்ஸ் தொழில்முறை அணி லப்சிக்கைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கம் எனப்படும் பெரிய லீக்கில் அதுவரை ஒரு கறுப்பின வீரரும் இல்லை. 1950இல் அச்சுவர் உடைந்தது. பொஸ்டன் அணி சக் கூப்பரைத் தெரிந்தெடுத்தது (டார்சன் கூப்பர் அல்லர்). வாஷிங்டன் அணி ஏர்ள் லொயிட்டைத் தெரிந்தெடுத்தது. நிக்ஸ் அணி, ஹார்லெம் குளோப்ட்ரொட்டர்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த நற் கிளிப்டனை ஒப்பந்தம் செய்தது. இனிப்பான குளிர்பானங்களில் பெருவிருப்பம் கொண்டவராதலால் கிளிப்டனுக்கு 'ஸ்வீற்வோட்டர்' என்று பெயர். நடுவட்டத்தில் கூப்பரை அணைத்த மனிதருக்கு அவரைச் சேர்த்துக்கொள்வதில் தயக்கம் இருந்திருக்குமா?

விலை கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டிலேயே கொடுக்க வேண்டியிருந்தது. லப்சிக்கின் மகன் றிச்சட்டுக்கு அப்போது ஐந்து வயது. யொங்கர்ஸிலிருந்த தம் வீட்டின் படுக்கையறை யன்னல் வழியே அவர் வெளியே பார்த்தார். எதிரே மரக்கிளையில் தந்தையின் கொடும்பாவி தொங்கிக்கொண்டிருந்தது; கீழே ஆட்கள் நின்று கத்திக்கொண்டிருந்தனர். தொலைபேசி மணி அடிக்கும். வீட்டிலிருந்த மற்றத் தொலைபேசியைச் சிறுவன் எடுத்துக் கேட்டால், கறுப்பரை நேசிப்பவன் என்று தந்தையை யாரோ கேவலமான சொற்களால் ஏசுவது காதில் விழும். மகன் கேட்டுக்கொண்டிருப்பது தந்தைக்குத் தெரியாது. இவற்றையெல்லாம் வளர்ந்த பிறகு றிச்சட் வெளியே சொன்னார். பிள்ளை பெற்ற வாசகர்கள் அந்த யன்னலை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

கிளிப்டன் சேர்ந்த அந்தப் பருவத்திலேயே நிக்ஸ் முதன்முறையாக இறுதிச் சுற்றுக்கு வந்தது. 1951இல் றொச்செஸ்ரர் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்து, அடுத்த மூன்றையும் வென்று, ஏழாவது ஆட்டத்தில் 79-75 என்று தோற்றது. 1952இலும் 1953இலும் மினியாபொலிஸ் லேக்கர்ஸிடம் தோல்வி. அங்கே அதே மைக்கன் நின்றார். மூன்று தடவை வாசல்வரை வந்தும் கிண்ணம் கிட்டவில்லை. 1956இல் உடலும் மனமும் களைத்துப் பதவியை விட்டார்.

அதே ஆண்டில் பழைய சென். ஜோன்ஸ் அவரைத் திரும்ப அழைத்தது. இம்முறை அவர் கையில் ஒரு கொப்பி இருந்தது. 1951இல் நியூயோர்க்கில் பெரும் ஊழல் ஒன்று வெளிப்பட்டிருந்தது. பந்தயக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே புள்ளிகளைக் குறைத்து ஆடியதாக 30க்கு மேற்பட்ட கல்லூரி வீரர்கள் அகப்பட்டனர். நல்ல பிள்ளைகள் சிலரின் வாழ்வே அதோடு முடிந்தது. லப்சிக் அப்பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வைத்தார். தம்மிடம் வரும் மாணவர்களை அதை வாசிக்கச் செய்து கையொப்பமும் வாங்குவார். நீண்ட புத்திமதி சொல்வதை விட இது எவ்வளவோ மேல் என்பது எம் எண்ணம்.

1959இல் அதே சுற்றுப்போட்டியை மூன்றாம் முறை வென்றார். 65 வயதில் ஓய்வு பெற்றே ஆகவேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. 1965 மார்ச்சில் மடிசன் ஸ்குவெயார் கார்டனில் அவருடைய கடைசி ஆட்டம். அது இறுதியாட்டமாகவும் அமைந்தது. எதிரணி, அகுஸ்தீனார் சபைக் குருக்களின் வில்லனோவா. 55-51 என்று சென். ஜோன்ஸ் வென்றது, இது நான்காவது கிண்ணம். இதற்கு முன் எந்தப் பயிற்சியாளரும் அப்போட்டியில் நான்கு முறை வென்றதில்லை. மாணவர்கள் அந்த நெடிய கிழவரைத் தோளில் சுமந்தார்கள்.

1970 ஆகஸ்ட் 10ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் மொன்ரிசெல்லோவில் ஜோ லப்சிக் காலமானார். மகன் றிச்சட் நிறவெறிக்கு எதிராகப் போராடும் மனிதரானார். தென்னாபிரிக்க ரெனிஸ் அணி அமெரிக்காவில் ஆடுவதை எதிர்த்தமைக்காக 1978இல் தம் அலுவலகத்திலேயே தாக்கப்பட்டார். ஆனால் போராட்டத்தை நிறுத்தவில்லை.

மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் உள்ளது. 1959இல் ஒறிஜினல் செல்ரிக்ஸ் அணியின் பெயரும், 1963இல் ரென்ஸ் அணியின் பெயரும் அங்கு பொறிக்கப்பட்டன. 1966இல் லப்சிக், வீரர் என்ற வகையில் சேர்க்கப்பட்டார். டார்சன் கூப்பரின் பெயர் வருவதற்கு 1977 ஆயிற்று. அதைக் காண லப்சிக் உயிரோடு இல்லை.