ஓட்டு மெஷினும் ஒரு ஸ்ரீரங்கத்துக்காரரும்: சுஜாதாவின் இன்னொரு கதை

பட்டனை அழுத்துகிறோம், 'பீப்' சத்தம் கேட்கிறது, வெளியே வந்துவிடுகிறோம். அந்த மெஷினுக்குப் பின்னால் ஒரு ஸ்ரீரங்கத்துக்காரர் இருக்கிறார்: எழுத்தாளர் சுஜாதா.

இயற்பெயர் ரங்கராஜன். 1935-ல் சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். மனைவியின் பெயரில் கதை எழுதியவர், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை அங்கே உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

மெஷினுக்குள் ஓடுவது சின்ன புரோகிராம்தான், கிட்டத்தட்ட கால்குலேட்டர் மாதிரி. ஓட்டை எண்ணும், நினைவில் வைக்கும். அவ்வளவுதான். சிப்பில் ஒருமுறை எழுதினால் பிறகு மாற்றக் கூடாது என்பதே வடிவமைப்பு.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. 1982-ல் கேரளாவின் பறவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முறையாக மெஷின் வைத்தார்கள். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவை ரத்து செய்தது. மறுபடி வாக்குச்சீட்டு, ஜெயித்தவரே மாறிப்போனார்!

1988-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2001-ல் தமிழகம் முழுக்க, 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க மெஷின்தான்.

கம்ப்யூட்டரை எளிய தமிழில் புரியவைத்த சுஜாதா, 2008 பிப்ரவரி 27-ல் மறைந்தார். மெஷின் மீதான சந்தேகம் மறையவில்லை. 2013-ல் விவிபாட் வந்தது: யாருக்கு ஓட்டு போட்டோம் என்று காட்ட, மறுபடியும் ஒரு காகிதச் சீட்டு!