மூன்று தீபாவளி கண்ட குரல்

சென்ற திங்கள் ஒரு பட்டறை வாயிலில் உழைப்பாளித் தோழர்கள் சிலருடன் உரையாடிக் கொண்டிருந்தோம். உணவு இடைவேளை. இளந்தோழர் ஒருவர் தம் கைப்பேசியில் ஏதோ தேட, எங்கிருந்தோ வந்து விழுந்தது ஒரு பழைய பாட்டு. கணீரென்ற குரல், மேலே ஏறினால் ஏறிக் கொண்டே போகும் குரல், ஏறிய உயரத்தில் நின்று சிரிக்கும் குரல்! சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த கைகள் அப்படியே நின்றன. பாடியவர் யார் என்று அந்த இளைஞர் கேட்டார். தியாகராஜ பாகவதர் என்றோம். திருவையாற்றில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்களே, அவரா என்று திருப்பிக் கேட்டார்.

சிரிக்கத்தான் தோன்றிற்று. பிறகு சிரிப்பு அடங்கிப் போயிற்று. அந்த இளைஞர் மீது குற்றமில்லை. தமிழ்நாட்டின் இரயில் நிலையங்களை ஒரு காலத்தில் திணற அடித்த மனிதரை அந்தத் தமிழ்நாடே துடைத்து வைத்துவிட்டதென்றால், கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் வேறு யாரோ அல்லர், நாம்தாம்.

மாயவரத்தில் 1910-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பிறந்தவர் தியாகராஜன். தந்தை கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி பொன் வேலை செய்து பிழைத்தவர். ஊது குழலும் உலையும் உள்ள வீடு, உழைப்பாளி வீடு. குடும்பம் திருச்சிக்குக் குடியேறியது. பையனுக்குப் பள்ளிப் பாடம் ஏறவில்லை, பாட்டு மட்டும் ஏறியது. தந்தை கண்டித்தார், பையன் வீட்டை விட்டே ஓடினான். கடப்பையில், கூட்டம் சூழ நின்று பாடிக் கொண்டிருந்தவனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள் என்பது அவர் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி. அதன் பின் தந்தையும் தடுக்கவில்லை.

திருச்சியில் இரயில்வே அதிகாரியாக இருந்த எப்.ஜி. நடேச ஐயர் நாடகப் பித்தர். ரசிக ரஞ்சனி சபையை நடத்தியவர். அவருடைய அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் பையனுக்குக் கிடைத்தது. பத்து வயதுப் பாலகன் பாம்பு தீண்டி மடிகிற கட்டம். கொட்டகை முழுவதும் கண்ணீர். மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாக இசை பயின்றார். பின்னர் கச்சேரி மேடையும் ஏறினார். கஞ்சிரா மேதை புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அந்த இளைஞரின் பாட்டைக் கேட்டுப் பாகவதர் என்று அழைத்தார் என்பர். யார் யாருக்கோ குலவழியாக வந்து கொண்டிருந்த பட்டம், பொற்கொல்லர் மகனுக்குக் குரல் வழியாக வந்து சேர்ந்தது. பிறப்பு கொடுக்க மறுத்ததைத் திறமை வாங்கிக் கொடுத்தது.

அந்தக் குரல் ஏன் அவ்வளவு உச்சத்தில் ஒலித்தது? இன்றைய தோழர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். அந்நாள் நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லை. ஆர்மோனியம் முன்னே, மக்கள் கடல் பின்னே. முதல் வரிசையில் நாற்காலியில் சாய்ந்திருக்கும் செல்வருக்குக் கேட்டால் போதாது. கடைசியில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிற கூலிக்காரனுக்குக் கேட்க வேண்டும். உச்ச சுருதி என்பது மேடைக்காரன் தன் ஏழை ரசிகனுக்குக் கொடுத்த மரியாதை! அந்த மரபில் கொடி கட்டிப் பறந்த கிட்டப்பா 1933-இல் இருபத்தேழே வயதில் மறைந்தார். காலியான அரியணை நீண்ட நாள் காலியாக இருக்கவில்லை.

பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் நடித்துப் புகழ் பெற்ற பவளக்கொடி நாடகம், கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 1934-இல் பேசும் படமாயிற்று. பேசும் படம் என்று பெயர். பேச்சு குறைவு, பாட்டுத்தான் அதிகம். அரை நூறு பாட்டுகள்! கேட்பவர்களும் சலிக்கவில்லை. பின்னணிப் பாடகர் என்ற ஏற்பாடு வேரூன்றாத காலம் அது. முகம் எவருடையதோ குரலும் அவருடையதாகவே இருக்க வேண்டும். பாகவதருக்கு இரண்டும் இருந்தன.

1937-இல் சிந்தாமணி வந்தது. ஓராண்டைத் தாண்டி ஓடியது. அந்தப் படம் ஈட்டிய பொருளைக் கொண்டு மதுரையில் ஒரு திரையரங்கமே கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயரிட்டார்கள் என்றால் வேறு சான்று வேண்டுமா? அதே ஆண்டில் அம்பிகாபதி, 1939-இல் திருநீலகண்டர், 1941-இல் அசோக்குமார், 1943-இல் சிவகவி. பாபநாசம் சிவன் பாட்டெழுத, பாகவதர் பாட, நாடு முழுவதும் அதை முணுமுணுத்தது. வண்டி ஓட்டியவன் பாடினான், வயலில் நின்றவள் பாடினாள். தோள் வரை புரளும் அவர் தலைமுடியைப் பார்த்து இளைஞர்கள் முடி வளர்த்தார்கள். அதற்குப் பாகவதர் கிராப்பு என்றே பெயர். தங்கத் தட்டில் உணவருந்தினார் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையோ, ரசிகன் உள்ளத்தில் உருவான கற்பனையோ! ஏழை ரசிகன் தன் தலைவனுக்குத் தங்கத் தட்டைத்தான் கற்பனையில் வைப்பான், தன் வீட்டில் தகரத் தட்டே இருந்தாலும்.

பக்திப் படங்களாகவே நடித்தாரே, பகுத்தறிவு பேசும் நாம் அவருக்காக உருகுவானேன் என்று கேட்கிற தோழர் இருக்கலாம். அந்தக் கதைகளில் நமக்கு உடன்பாடு இல்லை என்பது உண்மை. ஆனால் கதையை விலக்கிவிட்டுக் குரலைக் கேட்க நமக்குத் தெரியாதா? கோயில் கோபுரத்தின் கல்தச்சனைப் பாராட்டுவதற்குக் கற்பூரம் கொளுத்த வேண்டியதில்லை.

1944 அக்டோபர் 16, தீபாவளி. அரிதாஸ் வெளியாயிற்று. சென்னை பிராட்வே திரையரங்கில் அந்தத் தீபாவளிக்கு வந்த படம் அடுத்த தீபாவளிக்கும் ஓடியது, அதற்கடுத்த தீபாவளிக்கும் ஓடியது. மூன்று தீபாவளி!

ஆனால் படத்தின் நாயகன் எங்கே இருந்தார்?

சி.என். லட்சுமிகாந்தன் என்று ஒருவர். சினிமா தூது என்றும், பிறகு இந்து நேசன் என்றும் ஏடு நடத்தியவர். நடிகர் நடிகையரின் படுக்கையறைக் கதைகளே அவருடைய சரக்கு. அந்தச் சரக்கை வாங்கியவர்கள் யார்? ஏடு பரபரப்பாக விற்றதே, வாங்கியவர்கள் வானத்திலிருந்தா வந்தார்கள்? பகலில் பாகவதர் பாட்டைக் கேட்டவன்தான் இரவில் பாகவதரைப் பற்றிய வம்பைக் காசு கொடுத்துப் படித்தான். பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஏட்டைத் தடை செய்யக் கோரிக் கவர்னரிடம் முறையிட்டார்கள். 1944 நவம்பர் 8-ஆம் நாள் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்ற லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். பிறகு கைது தொடங்கியது. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை! உயர்நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று; மீண்டும் விசாரிக்கச் சொன்னார்கள். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பிராட்வேயில் விளக்கு அணைகிறது. திரையில் பாகவதர் பாடுகிறார். ஆயிரம் பேர் மெய்ம்மறக்கிறார்கள். அதே நகரத்தில் சட்டம் அவரை ஆயுள் கைதி என்று சொல்கிறது. பாட்டு வெளியே, பாடியவர் உள்ளே.

சிறையிலிருந்து வந்தவர்கள் இருவர். இருவருக்கும் ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே விடுதலை. ஒருவர் எழுந்தார், ஒருவர் எழவில்லை. ஏன்? இந்தக் கேள்விதான் நம்மை இதை எழுத வைத்தது.

கலைவாணருக்கு ஒரு குடும்பம் காத்திருந்தது. குடும்பம் என்று நாம் சொல்வது நாடகக் குழுவையும் சேர்த்துத்தான். மதுரம் அம்மையார் வழக்குக்காக ஓயாமல் அலைந்தார், எஸ்.வி. சகஸ்ரநாமம் குழுவைக் கலையாமல் காத்தார். பைத்தியக்காரன் படம் 1947-இல் வந்தது. 1949-இல் அண்ணா எழுதிய நல்ல தம்பி கலைவாணரை நாயகனாகவே நிறுத்தியது. அவருடைய நகைச்சுவை புதிய காலத்தோடு கைகோத்து நடந்தது.

பாகவதரோ தனி ஆள். மேடையில் தனி ஆள், திரையிலும் தனி ஆள். அவரைச் சுற்றி எல்லாம் நடந்தன, அவரோடு சேர்ந்து எதுவும் வளரவில்லை. கைதான அன்றே ஒப்பந்தங்கள் கலைந்தன. 1948-இல் ராஜ முக்தி வந்தது. புதுமைப்பித்தன் அதற்காகப் புனா சென்று உழைத்து, காச நோயோடு திரும்பி, அந்த ஆண்டே மறைந்தார். பின்னாளில் முதலமைச்சரான எம்.ஜி.ஆரும் அந்தப் படத்தில் நடித்தார். அசோக்குமாரிலும் அவருக்குச் சிறு வேடம்தான். இத்தனை பேர் இருந்தும் ராஜ முக்தி ஓடவில்லை.

இங்கே நாம் ஒன்றை மறைக்கக் கூடாது. வேலைக்காரி 1949, பராசக்தி 1952: இவை வந்ததும் கொட்டகையில் ஒலி மாறியது. மக்கள் பாட்டுக்காக அல்ல, வசனத்துக்காகக் காது கொடுத்தார்கள். கைதட்டல் சுரத்துக்கு விழவில்லை, சொல்லுக்கு விழுந்தது. அந்த மாற்றத்தை வரவேற்றவர்கள் நாம். இன்றும் அதற்காக வருந்தவில்லை. நாற்பது பாட்டுப் பாடும் நாயகனின் காலம் முடிய வேண்டியதுதான். ஆனால் காலம் முடிந்ததென்றால் மனிதரையுமா மறக்க வேண்டும்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950-இல் கிருஷ்ண விஜயம் படத்தில் அறிமுகமான டி.எம். சௌந்தரராஜன் பாகவதர் பாணியில்தான் பாடத் தொடங்கினார். பாணி வேண்டியிருந்தது, பாகவதர் வேண்டியிருக்கவில்லை!

அமரகவி 1952, சியாமளா 1952, தாமே இயக்கிய புது வாழ்வு 1957. பெயரைத் தவிர அதில் புதிய வாழ்வு எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. நீரிழிவு உடலைத் தின்றது, பார்வையும் மங்கிற்று. கச்சேரிகளுக்குப் போனார், கூப்பிட்டவர்களுக்குப் பாடினார். 1959 நவம்பர் முதல் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் கண் மூடினார். வயது நாற்பத்தொன்பது. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் அடங்கினார். பதினான்காவது படமான சிவகாமி அடுத்த ஆண்டு வெளிவந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

பட்டறைச் சங்கு ஊதிற்று. இதையெல்லாம் சொல்லி முடிக்க நமக்கு நேரமில்லை, பாதிதான் சொன்னோம். அந்த இளைஞர் சோற்றுப் பொட்டலத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு, அரிதாஸ் முழுப் படமும் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றோம். மாலையில் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போனார்.